ஸ்டீரிங் உதறல்: பழைய ஜீப்பின் முன் ஆக்ஸிலில் எங்கே தேடுவது?

எண்ணூர் விரைவுச் சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பழைய ஜீப் போகிறது. கன்டெய்னர் டிரெய்லர்கள் உழுதுபோட்ட பள்ளத்தில் இடது முன்சக்கரம் இறங்கி ஏறுகிறது. அந்த நொடியே ஸ்டீரிங் வலமும் இடமுமாக அடிக்கத் தொடங்குகிறது. பானட் குலுங்குகிறது, கண்ணாடிச் சட்டம் கிடுகிடுக்கிறது, ஓட்டுநரின் தோள்வரை அதிர்ச்சி ஏறுகிறது. பள்ளம் பின்னால் போய்விட்டது. உதறல் மட்டும் போகவில்லை. வேகம் 30-க்குக் கீழே இறங்கிய பிறகே வண்டி அடங்குகிறது. அடுத்த பத்து கிலோமீட்டர் எந்தக் குறையும் இல்லாததுபோல் ஓடுகிறது.

இப்படி ஒரு வண்டி பட்டறைக்கு வந்தால் பெரும்பாலும் மூன்று தீர்ப்புகளில் ஒன்று கிடைக்கும். வீல் பேலன்சிங் போய்விட்டது என்பார் ஒருவர். டை ராட் எண்டு மாற்றச் சொல்வார் இன்னொருவர். ஸ்டீரிங் டேம்பர் போட்டால் சரியாகிவிடும் என்பார் மூன்றாமவர். மூன்றையும் செய்து, மூன்றுக்கும் காசு கொடுத்த பிறகும் அதே பள்ளத்தில் அதே உதறல் திரும்பி வந்த வண்டிகள் ஏராளம். காரணம், இந்த உதறல் ஒற்றைப் பாகத்தின் கோளாறு அல்ல. இரண்டு முன்சக்கரங்களையும் ஒரே இரும்புக் குழாயில் கோத்த ஆக்ஸிலுக்கு இந்த ஆட்டம் பிறவிக்குணம். இறுக்கமான மூட்டுகளும், சரியான கோணங்களும், கொஞ்சம் உராய்வும் சேர்ந்து அதை அடக்கி வைத்திருக்கின்றன. எந்தக் கட்டு தளர்ந்தது என்று வரிசையாகத் தேடுவதுதான் வைத்தியம்.

இந்தத் தேடலுக்கு வடசென்னையின் தண்டையார்பேட்டை பொருத்தமான ஊர். டி.என். 03 எண்பலகை இங்கே பிறக்கிறது. எண்ணெய் நிறுவனங்களின் கிடங்குகளுக்கு வரும் டேங்கர்களும் துறைமுகத்துக்குக் காத்துக்கிடக்கும் டிரெய்லர்களும் திருவொற்றியூர் நெடுஞ்சாலையையும் மணலிச் சாலையையும் ஓயவிடுவதில்லை. அந்த லாரிகளின் முன்னால் இருப்பதும் கமான் பட்டையில் உட்கார்ந்த ஒற்றை இருசு (ஆக்ஸில்), இரு முனையிலும் சக்கரம் திரும்ப அச்சாகும் கிங்பின். சற்று வடக்கே, எண்ணூரில், 1948-இல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கி 1955-இல் அசோக் லேலண்ட் ஆன நிறுவனம் இந்த அமைப்பில்தான் தலைமுறை தலைமுறையாக லாரி கட்டியிருக்கிறது. ராணுவத்துக்கு அது கொடுத்த ஃபோர் வீல் டிரைவ் ஸ்டாலியன் லாரியின் முன் ஆக்ஸிலும் அதே குடும்பம்தான். கிங்பின்னில் கைவைத்து ஆட்டம் பார்க்கத் தெரிந்த லாரி ஃபிட்டரின் அறிவு, பழைய ஜீப்புக்கும் மாருதி ஜிப்ஸிக்கும் அப்படியே பொருந்தும். ஸ்ட்ரட் வைத்த கார்களிலேயே தொழில் கற்ற இளம் மெக்கானிக்குக் கிங்பின் ஆட்டத்தைக் கைக்கடியில் உணரும் வாய்ப்பே கிடைத்திருக்காது. அவர் திறமையில் குறையில்லை. அவர் கைக்கு வந்த வண்டிகள் வேறு.

பிரச்சினை ஏறத்தாழ நூறு வயதானது. 1920-களில் கார்களுக்குக் காற்றழுத்தம் குறைந்த பருத்த டயர்களும் முன்சக்கர பிரேக்கும் வந்தபோது, அதுவரை ஒழுங்காக ஓடிய முன் இருசுகள் உதறத் தொடங்கின. பிரான்சில் ஜார்ஜ் ப்ரூலியே 1925-இல் இதை ஆராய்ந்து எழுதினார். திரும்பும் டயர், அது நோக்கும் திசைக்கும் ஓடும் திசைக்கும் இடையே ஒரு சிறு கோணம் விட்டே உருள்கிறது என்ற முக்கியமான கருத்து அந்த ஆராய்ச்சியில்தான் துலங்கியது. அமெரிக்காவில் ரோல்ஸ் ராய்ஸிலிருந்து ஜெனரல் மோட்டார்ஸின் கெடிலாக்குக்குப் போன மாரிஸ் ஓலே இதே தொல்லையோடு மல்லுக்கட்டினார். கடைசியில் முன் இருசையே வெட்டி, இரு சக்கரங்களையும் தனித்தனியாகத் தொங்கவிட்டதுதான் வழி என்று ஆயிற்று. 1934 மாடல் ஜெனரல் மோட்டார்ஸ் கார்கள் அப்படி வெளிவந்தன. நம் அம்பாசிடரின் முன்சக்கரங்களும் தனித்தனியானவையே. ஜீப் மட்டும் கரடுமுரடான பாதைக்காக, வலிமைக்காக, எளிமைக்காக ஒற்றை ஆக்ஸிலை விடவில்லை. அதனுடைய தொல்லையையும் சேர்த்தே சுமந்தது.

சைக்கிள் சக்கரம் ஒன்றைக் கழற்றி, அச்சின் இரு முனையையும் இரு கையால் பிடித்துச் சுழலவிட்டு, பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தால் தொல்லையின் வேர் புரியும். சாய்த்தால் அது சும்மா சாயாது, கூடவே திரும்பவும் முயலும். ஒற்றை ஆக்ஸிலில் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் ஆக்ஸில் முழுவதும் சாய்கிறது. சுழலும் இரு சக்கரங்களும் ஒரே பக்கம் திரும்ப முயல்கின்றன. அப்படித் திரும்பியதும் டயர் தரையை இழுக்கிறது, ஆக்ஸில் மறுபக்கம் சாய்கிறது, சக்கரங்கள் எதிர்ப்பக்கம் திரும்புகின்றன. சாய்வு திருப்பத்துக்கும், திருப்பம் சாய்வுக்கும் தீனி போடுகின்றன. இதற்கு வேண்டிய சக்தி வண்டியின் வேகத்திலிருந்தே வருகிறது. பள்ளம் தாண்டிய பிறகும் உதறல் நிற்காததற்கு இதுவே விளக்கம். பள்ளம் தூண்டியது மட்டுமே. ஆட்டத்தை வளரவிட்டது மூட்டுகளின் தளர்ச்சி.

குறிப்பிட்ட வேகத்தில் அது பிடித்துக்கொள்வதற்கும் கணக்கு இருக்கிறது. டயரின் மேல் அமர்ந்த ஆக்ஸில் இயல்பாக விநாடிக்கு ஏறத்தாழ 10 முறை துள்ளக்கூடியது. ஜிப்ஸியின் 205/70 ஆர்15 டயர் ஒரு சுற்றுக்கு 2.1 மீட்டர் ஓடும். விநாடிக்கு 10 சுற்று என்றால் மணிக்கு 75 கிலோமீட்டர். அந்த வேகத்தை ஒட்டி, டயரில் இருக்கும் எடைக் கோணல் ஒவ்வொரு சுற்றிலும் ஆக்ஸிலின் இயல்பான துள்ளலோடு தாளம் சேர்கிறது. விளிம்பில் 50 கிராம் அதிகமாக இருந்தால், 80 கிலோமீட்டர் வேகத்தில் அது நாலு கிலோ எடைக்குச் சமமான விசையாகி விநாடிக்குப் பத்து முறைக்கு மேல் இழுக்கும். ரிம்மின் உட்புறம் காய்ந்து ஒட்டிய சேற்றுக்கட்டியே இதற்குப் போதும். ஆகவே பேலன்சிங் சொன்னவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் மூட்டுகள் இறுக்கமாக இருக்கும் ஜீப்பில் அதே 50 கிராம் ஒரு மெல்லிய நடுக்கத்தோடு அடங்கிவிடும். பேலன்ஸ் பார்த்தால் தூண்டுகோல் ஒன்று குறையும். நோய் அப்படியே இருக்கும்.

முதலில் செய்ய வேண்டியது ஓட்டுநரிடம் பொறுமையாகக் கேட்பது. 70-இல் தொடங்கி 90-இல் தானே மறையும் நடுக்கமா? டயர், ரிம் பக்கம் போகலாம். பிரேக் மிதித்தால் மட்டும் வருகிறதா? டிரம் அல்லது டிஸ்க் கோணியிருக்கிறது. காய்ந்த தார்ச்சாலையில் ஃபோர் வீல் போட்டால் மட்டுமா? முன் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸைப் பார்க்க வேண்டும். ஸ்டீரிங்குக்கு அதில் பங்கில்லை. 20, 30-இலேயே மெதுவாக ஆடுகிறதா? கிங்பின் தளர்ந்திருக்கலாம், காஸ்டர் (கிங்பின் பின்னோக்கிச் சாயும் கோணம்) மிகையாக இருக்கலாம். பள்ளத்தில் விழுந்ததும் பிடித்து, வேகம் குறைத்தால் ஒழிய விடவில்லையா? அப்போதுதான் இந்தக் கட்டுரை பேசும் உதறல். இந்தக் கேள்விகளைக் கேட்காமல் ஸ்பேனரைத் தொடுவது வீண்செலவு.

அடுத்து, காசில்லாத சோதனை. நான்கு டயரிலும் காற்றை அளந்து, முன் டயர்களைப் பின்னாலும் பின் டயர்களை முன்னாலும் மாற்றிப் போட்டு அதே சாலையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். உதறல் பெரிய அளவில் மாறினால் டயர் சந்தேகத்துக்குரியது. பக்கச்சுவரில் கடைசி நாலு இலக்கம் டயர் பிறந்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும்: 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். ராணுவ ஏலத்தில் வந்த ஜோங்கா, ஜிப்ஸி வண்டிகளில் பட்டன் ஆழம் நன்றாக இருந்தாலும், ஒரே இடத்தில் வருடக்கணக்காக நின்று டயர் ஒருபக்கம் தட்டையாகியிருக்கும். கண்ணுக்கு அது தெரியாது.

அதற்குப் பிறகுதான் வண்டிக்கு அடியில் போவது. இங்கே பலர் ஒரு தவறு செய்கிறார்கள்: உடனே ஜாக்கி போட்டுத் தூக்கிவிடுகிறார்கள். முதல் சோதனை சக்கரம் தரையில் இருக்கும்போதே நடக்க வேண்டும். ஒருவர் ஸ்டீரிங்கைச் சிறிதாக, விடாமல், இடமும் வலமும் ஆட்ட வேண்டும். இன்னொருவர் அடியில் படுத்து, ஸ்டீரிங் பாக்ஸில் தொடங்கி சக்கரம்வரை ஒவ்வொரு மூட்டின் மேலும் விரல் வைக்க வேண்டும். ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் தாமதமாக அசையும் இடத்தில் தேய்மானம் இருக்கிறது. பாக்ஸைச் சேஸிஸோடு பிடித்த போல்ட்டுகளையும் அங்கே சேஸிஸில் கீறல் விட்டிருக்கிறதா என்பதையும் பார்க்காமல் எழுந்துவிடக் கூடாது. பாக்ஸே நகர்ந்தால், அதற்குப் பின்னால் உள்ள எல்லாம் புதிதாக இருந்தும் பயனில்லை.

அமெரிக்க வில்லிஸ் நிறுவனத்தின் வழியில் வந்த சிஜே 3பி ஜீப்புகளில் இந்தச் சோதனைக்கு இன்னும் மதிப்பு அதிகம். பாக்ஸிலிருந்து ஒரு டிராக் லிங்க், நடுவில் சேஸிஸில் பொருத்திய பெல் கிராங்க், அதிலிருந்து இரு சக்கரங்களுக்கும் தனித்தனி டை ராட். எண்ணிப் பார்த்தால் ஏழு மூட்டுகள். ஒவ்வொன்றிலும் அரை மில்லிமீட்டர் தளர்ந்தால் மொத்தம் மூன்றரை மில்லிமீட்டர். தனியாகப் பார்த்தால் எதுவும் மாற்றும் அளவுக்குத் தேயவில்லை என்றே தோன்றும். பெல் கிராங்க் முள்ளும் புஷ்ஷும் தேய்ந்தால் இரு சக்கரத்தின் திசையும் ஒரே சமயத்தில் கட்டவிழ்கிறது. ஆனாலும் நான்கு டை ராட் எண்டுகளை மாற்றிவிட்டுப் பெல் கிராங்கைத் தொடாமல் விடுவது வழக்கமாக இருக்கிறது. கழற்றுவது கடினம் என்பதைத் தவிர அதற்கு நியாயம் எதுவுமில்லை.

இப்போது ஜாக்கி. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து உள்ளும் வெளியும் ஆட்டினால் ஆட்டம் இருக்கிறதா? இருந்தால் வீல் பேரிங்கா கிங்பின்னா என்பது கேள்வி. உள்ளே ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடிக்கட்டும். ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங்; பிரேக் அழுத்திய பிறகும் ஆட்டம் இருந்தால் கிங்பின். லாரி ஃபிட்டர்கள் நெடுங்காலமாகக் கையாளும் இந்த உபாயத்துக்கு ஒரு ரூபாய் செலவில்லை, கருவியும் வேண்டாம்.

கிங்பின் பகுதியில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனெனில் விடாத உதறலுக்கு விடை அதிகமும் அங்கேதான் இருக்கிறது. பழைய மகிந்திரா ஜீப்புகளிலும் மாருதி ஜிப்ஸியிலும், ஆக்ஸில் முனையில் இரும்புக் கோளம், அதைப் போர்த்திய நக்கிள், மேலும் கீழும் கூம்பு வடிவ ரோலர் பேரிங், அவற்றை அழுத்திப் பிடிக்க ஷிம் தகடுகள். நக்கிள் திரும்பும்போது கையில் ஒரு சிறு கனம் தெரிய வேண்டும். டை ராடைக் கழற்றிவிட்டு ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்து, தயாரிப்பாளர் சொன்ன அளவில் அந்தக் கனம் இருக்கிறதா என்று அளப்பதே முறை. அந்த உராய்வு குறை அல்ல. உதறலை உறிஞ்ச வேண்டுமென்றே வைத்தது. பிரிட்டிஷ் லாண்ட் ரோவரின் பழைய சீரிஸ் வண்டிகளில் இதற்காகவே மேல் பின்னில் உராய்வுப் புஷ் ஒன்று உண்டு.

நேராக ஓடும் நிலையிலேயே வண்டி பெரும்பாலும் இருப்பதால், ரோலர்கள் ஒரே இடத்தில் இடித்து இடித்துப் பேரிங் கிண்ணத்தில் வரிவரியாகக் குழிகள் விழுகின்றன. கையால் நக்கிளைத் திருப்பினால் நடுவில் ஒரு கடி தெரியும், இரு பக்கமும் வழுக்கும். ஷிம்மைக் குறைத்து இறுக்கினால் சில வாரம் அடங்கும், பிறகு திரும்பும். பேரிங்கைக் கிண்ணத்தோடு மாற்றுவதே வழி. வடசென்னை வண்டிகளுக்கு இன்னொரு எதிரி தண்ணீர். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் மணலி, எண்ணூர் தெருக்களில் நின்ற வண்டிகள் பல. கோளத்தின் சீல் தேய்ந்த வண்டியில் தண்ணீர் உள்ளே போனால் கிரீஸ் பால் நிறமாகி, பேரிங் துருவில் ஊறும். வெள்ளத்தில் நின்ற ஜீப்புக்கு எஞ்சின் ஆயில் மாற்றுகிறவர்கள் நக்கிளைத் திறந்து பார்ப்பது மிக அபூர்வம்.

கமான் பட்டையை வேகமாகக் கடந்துவிடலாம். யு போல்ட் தளர்ந்திருக்கிறதா, சென்டர் போல்ட் முறிந்து ஆக்ஸில் ஒருபுறம் நகர்ந்திருக்கிறதா, பட்டையைச் சேஸிஸில் தொங்கவிடும் ஷேக்கிளின் புஷ் உப்புக்காற்றில் அரித்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். இரு பக்கமும் முன் ஆக்ஸிலிலிருந்து பின் ஆக்ஸிலுக்கு நாடா பிடித்து அளந்தால் நகர்ச்சி தெரிந்துவிடும்.

கோணங்கள் அப்படி அல்ல. சிஜே 3பி-க்கு வில்லிஸ் வகுத்த அளவு: காஸ்டர் 3 டிகிரி, கேம்பர் (சக்கரத்தின் பக்கச் சாய்வு) ஒன்றரை டிகிரி, டோ-இன் (சக்கரங்களின் முன்பக்கம் உள்நோக்கும் அளவு) சுமார் 1.2 முதல் 2.4 மில்லிமீட்டர். ஒற்றை ஆக்ஸிலில் கேம்பரையும் காஸ்டரையும் போல்ட் திருகி மாற்ற முடியாது. ஆகவே கம்ப்யூட்டர் அலைன்மென்ட் கடையில் டோ-இன் மட்டும் சரிசெய்து அனுப்புவார்கள். இருந்தாலும் அந்தத் தாளைக் கேட்டு வாங்க வேண்டும். இடது காஸ்டரும் வலது காஸ்டரும் வெகுவாக வேறுபட்டால் ஆக்ஸில் முறுக்கியிருக்கிறது, அல்லது ஒரு பக்கப் பட்டை வேறு. வேறெந்தச் சோதனையிலும் இது இவ்வளவு தெளிவாக அகப்படாது.

காஸ்டரைக் கெடுப்பவர்களில் முதலிடம், வண்டியை உயர்த்திக் காட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு. ஷேக்கிள் முன்பக்கம் இருக்கும் ஜீப்பில் நீளமான ஷேக்கிள் போட்டால் ஆக்ஸிலின் தலை முன்னோக்கிச் சுழன்று காஸ்டர் குறைகிறது. வண்டி சாலையில் அலைபாய்கிறது. அதைச் சரிசெய்யப் பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் இடையே ஆப்பு வைத்தால் காஸ்டர் திரும்பும். ஆனால் டிஃபரன்ஷியலின் மூக்கு கீழே சாய்ந்து முன் ஷாஃப்டின் கோணம் மோசமாகும். ஆப்பை அதிகமாக்கினால், தரையை டயர் இழுக்கும் நெம்புகோல் நீண்டு உதறலுக்கே வழி திறக்கும். அகலமான டயரும் வெளியே துருத்தும் ரிம்மும் சக்கரத்தைத் திருப்பும் பக்கவாட்டு நெம்புகோலையும் நீட்டுகின்றன. தயாரிப்பாளர் வகுத்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்திருப்பதையும் இவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

மாற்றமே செய்யாத வண்டியிலும் சுமை காஸ்டரை மாற்றும். போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் இடுக்கித் தோட்டங்களுக்குத் தொழிலாளர்களை ஏற்றிப்போகும் ஜீப்புகளில் பின்பக்கம் தாழ்ந்து முன்பக்கம் நிமிர்கிறது. காஸ்டர் கூடுகிறது, முன்சக்கரத்தில் எடை குறைகிறது. காலியாக வந்து பட்டறையில் நின்றால் குறை தெரியாது. இத்தகைய வண்டியைச் சுமையோடு ஓட்டிப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

டேம்பரைக் கடைசியாகப் பேசுவதற்குக் காரணம் உண்டு. டை ராடோடு பொருத்தும் அந்த ஷாக் அப்சார்பர் நல்ல பாகம்தான். கல்லில் அடிபட்டுக் கைக்கு வரும் உதையைக் குறைக்கிறது. தேய்ந்த கிங்பின்னுக்கு மேல் புது டேம்பர் போட்டாலும் உதறல் அடங்கும். அங்கேதான் ஆபத்து: அடங்கிய காலம் முழுவதும் மூட்டு தேய்ந்துகொண்டே போகும், டேம்பர் தளரும் நாளில் உதறல் முன்னைவிடக் கொடூரமாக வரும். புத்தம்புது வண்டியிலும் இந்த வாதம் எழுந்தது. 2018, 2019 ஜீப் ராங்ளர் வண்டிகள் உதறுவதாக அமெரிக்காவில் புகார்கள் குவிந்து வழக்கானபோது, தயாரிப்பு நிறுவனம் 2019-இல் புது வகை டேம்பரை மாற்றித் தர முன்வந்தது. அது மேல்பூச்சு மட்டுமே என்று வழக்குத் தொடுத்தவர்கள் வாதிட்டனர். அதே ஆண்டு ஃபோர்டின் சூப்பர் டியூட்டி டிரக்குகள் மீதும் இதே குறைக்காக வழக்கு வந்தது. இவற்றில் கமான் பட்டைக்குப் பதில் காயில் ஸ்பிரிங். ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கக் குறுக்குக் கம்பி ஒன்று. அதன் புஷ்ஷோ போல்ட் துளையோ கொஞ்சம் தேய்ந்தாலே உதறல் தொடங்கும். 2023-இல் இந்தியாவுக்கு வந்த மாருதி ஜிம்னியும் இந்த அமைப்புடையது என்பதால், தண்டையார்பேட்டைப் பட்டறைகள் அந்தக் கம்பியை இப்போதே பழகிக்கொள்வது நல்லது.

ஓடும்போது உதறல் பிடித்தால் ஓட்டுநர் செய்ய வேண்டியது: ஆக்ஸிலேட்டரை விட்டு, ஸ்டீரிங்கை இரு கையாலும் உறுதியாக நேரே பிடித்து, கண்ணாடியில் பின்னால் வரும் டிரெய்லரைப் பார்த்து, இடப்பக்கம் ஒதுங்கி மெல்ல வேகம் குறைப்பது. பதறிப்போய் பிரேக்கைக் குத்தினால் முன் ஆக்ஸிலில் எடை ஏறி நிலைமை மோசமாகலாம். கட்டைவிரல்களை ஸ்டீரிங் கம்பிகளுக்கு உள்ளே கோக்காமல் வளையத்தின் மேலேயே வைக்க வேண்டும். பவர் ஸ்டீரிங் இல்லாத பழைய ஜீப்பின் உதைக்கு விரலை முறிக்கும் பலம் உண்டு.

15 ஆண்டு கடந்த சொந்த வண்டிகள் பதிவைப் புதுப்பிக்க எஃப்.சி. எனும் தகுதிச் சோதனைக்கு வந்தாக வேண்டும். அது ஊர்ந்து செல்லும் வேகத்தில் பள்ளம் இல்லாத தரையில் நடக்கும் சோதனை; 70-இல் பிடிக்கும் உதறல் அங்கே தலைகாட்டாது. சான்றிதழ் கிடைத்ததை வைத்து முன் ஆக்ஸில் நலம் என்று முடிவுகட்டக் கூடாது. வேலை முடித்த வண்டியை, டேம்பரைக் கழற்றிவிட்டு, உதறிய அதே சாலையில், ஆள் நடமாட்டமும் போக்குவரத்தும் குறைந்த வேளையில், 40-இல் தொடங்கிப் படிப்படியாக வேகம் ஏற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும். டேம்பர் இல்லாமலே பள்ளத்தைத் தாண்டி நேராகப் போனால் டேம்பரைத் திரும்ப மாட்டலாம். யு போல்ட்டுகளையும் டிராக் லிங்க் நட்டுகளையும் சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி இறுக்கி, நட்டின் மேல் பெயின்டால் ஒரு கோடு போட்டுவைத்தால், அடுத்த முறை அடியில் படுக்கும் ஃபிட்டருக்கு எது தளர்ந்தது என்று தொடாமலே தெரியும்.